சாக் வட்டத்துக்கு வெளியே

முந்தின நாள் சாயங்காலம் போட்ட சாக்பீஸ் வட்டங்கள் கலைந்தும் கலையாமலும் அங்கங்கே அப்படியே இருந்தன. அவற்றுக்கு வெளியே, அவள் முதுகின் நட்டநடுவில், புதிதாக ஒரு வரிசை முளைத்திருந்தது.

துணியில் அளவு குறிக்கிற நீல சாக்பீஸ். அதைத் தண்ணீரில் தொட்டு, உடம்பில் கிளம்பியிருந்த ஒவ்வொரு பருவையும் சுற்றி ஒரு வட்டம் போட்டுவைப்பாள். மறுநாள் காலையில் வட்டமில்லாமல் எது நிற்கிறதோ அது புதுசு. தையல்காரி புத்தி, வேறென்ன. முதுகுக்குக் கை எட்டாது என்பதால் மர ஸ்கேலின் நுனியில் சாக்கைக் கட்டிவைத்திருந்தாள். வீட்டின் முன்னறையில் திரை போட்டு மறைத்த டிரையல் ரூம், அதில் மூன்று மடிப்புக் கண்ணாடி. வாடிக்கையாளர்கள் தங்கள் பின்பக்கத்தைப் பார்த்துச் சிரித்துக்கொள்வதற்காக வாங்கிப் போட்டது. இப்போது அவள் மட்டும்தான் அதில் நிற்கிறாள். புதுத் துணியின் கஞ்சி வாசனையும் மெஷின் எண்ணெய் வாசனையும் இருந்த அந்த மூலையில் இப்போது களிம்பு நாறியது.

அவள் ஸ்கேலைத் தோளுக்கு மேலாக விட்டு அந்த வரிசையைத் தொட்டுப் பார்த்தாள். பொடிப்பொடியாக, மெழுகு நிறத்தில், ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு சின்னக் குழி. நூல் பிடித்துப் பொத்தான் தைத்தாற்போல நேராக நின்றன. தோல் டாக்டர் இதை ஏற்கெனவே சொல்லியிருந்தார். சொறிந்தால் நகம் போன வழியெல்லாம் முளைக்கும், அதனால் சொறியாதீர்கள் என்று. அவளும் நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு, தூங்கும்போது கையில் துணி உறை மாட்டிக்கொண்டுதான் படுத்தாள். அதையெல்லாம் விட்டுத்தள்ளினாலும், இது அவள் கை எட்டாத இடம்.

அப்படியென்றால் அங்கே சொறிந்தது யார்?

அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், ரத்தம் சுத்தம் பண்ணுகிற மெஷினே கதியென்று கிடந்த காலத்தில், பெற்ற தாயும் கூடப்பிறந்த அண்ணனும் ஆளுக்கொரு காரணம் சொல்லி நழுவிவிட, முன்னால் வந்து நின்றவள் அத்தைதான். கணவனுடைய அம்மா. அந்த மாமியார் தன் சிறுநீரகத்தை மருமகளுக்குக் கொடுத்தாள் என்று தெருவே மூக்கின்மேல் விரலை வைத்தது. அதை இல்லையென்று சொல்ல முடியாது. அத்தை இல்லையென்றால் அவள் இல்லை. ஆனால் கொடுத்துவிட்டு அத்தை அதை விட்டுவிட்டாளா என்பதுதான் கேள்வி. அன்றிலிருந்து இன்றுவரை அந்த வீட்டில் யாரும் அதை அவளுடைய சிறுநீரகம் என்று சொன்னதில்லை. அத்தைக்கு அது என்னோடது. கணவனுக்கு அது அம்மாவோடது. அவள் இரண்டு டம்ளர் தண்ணீர் குறைத்துக் குடித்தால் என்னோடது காய்ஞ்சு போயிடும் என்பாள் அத்தை. படி ஏறினால் என்னோடது குலுங்கும் என்பாள். அவள் என்னவோ அத்தையின் சாமானைப் பூட்டிவைத்த பெட்டி மாதிரி.

வந்த சிறுநீரகத்தை உடம்பு எதிரி என்று நினைத்து அடித்து விரட்டிவிடக்கூடாது என்பதற்காக தினமும் மாத்திரை. தோல் டாக்டர் அதை நன்றாகவே விளக்கினார். உள்ளே வந்த விருந்தாளியைக் காவல்காரன் அடித்துவிடுவான் என்று காவல்காரனுக்கு மயக்க மருந்து கொடுத்துப் படுக்கப் போட்டிருக்கிறோம். இப்போது கதவு திறந்து கிடக்கிறது, வருகிறவன் போகிறவன் எல்லாம் உள்ளே வருவான். இந்தப் பருவுக்குக் காரணமான வைரஸ் சின்னப் பிள்ளைகளுக்கு நாலைந்து பரு போட்டுவிட்டுத் தானாகப் போய்விடுகிற சாதாரண வைரஸ். உங்களிடம் வந்தால் போகாது.

அது போகவில்லை. கழுத்தில் ஆரம்பித்துத் தோள், மார்பு, முதுகு, முழங்கை என்று இறங்கியது. கண்ணிமையில் ஒன்று வந்தபோது பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி தைக்கக் கொடுத்திருந்த துணியை வெட்டாமலே திருப்பி வாங்கிக்கொண்டு போனாள். அவசரமில்லை, அப்புறம் வருகிறேன் என்றாள். அப்புறம் அவளும் வரவில்லை, அவள் சொன்னதைக் கேட்ட மற்றவர்களும் வரவில்லை. கணவன் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போனான். அவனைக் கேட்டால், உனக்குத்தான் தொந்தரவில்லாமல் இருக்கட்டுமே என்பான். அவளுக்கு வாயில் வந்ததையெல்லாம் பல்லைக் கடித்து விழுங்க வேண்டியிருந்தது. ஏனென்றால் அவள் நன்றியுள்ளவளாக இருக்கவேண்டும். எழுந்தால் நன்றி, உட்கார்ந்தால் நன்றி. கோபப்படுகிற உரிமையையும் அந்த ஆபரேஷனில் சேர்த்து வெட்டி எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

முதுகுக்குக் களிம்பு போடுவது அத்தை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்துவிடுவாள். கையுறை போட்டுக்கொள்ள வேண்டும், ஒவ்வொரு பருவுக்கும் வேறு பஞ்சு எடுக்க வேண்டும், எதையும் கிள்ளக்கூடாது என்று நர்ஸ் படித்துப்படித்துச் சொல்லி அனுப்பினாள். என் கை என்ன சாக்கடையா என்று கேட்டுவிட்டு அத்தை வெறுங்கையால்தான் போட்டாள். போட்டு முடித்ததும் மருமகளைத் தன் பக்கம் திருப்பி, வலப்பக்க அடிவயிற்றில், தழும்புக்கு மேல், உள்ளங்கையை அகல விரித்து வைப்பாள். சின்ன வயதில் கதவிடுக்கில் மாட்டி உடைந்த அத்தையின் சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்தே நிற்கும். அந்த வளைந்த விரல் எப்போதும் தழும்பின் முனையில் வந்து குத்தும்.

"என்னோடது நல்லா இருக்கா?" என்பாள். பிறகு இரண்டு தட்டு. தட், தட்.

முதுகில் புது வரிசையைக் கண்ட அன்று சாயங்காலம் அவள் ஒரு வேலை செய்தாள். அறையில் வெளிச்சம் போதவில்லை என்று சொல்லி, களிம்பு போடுவதற்கு அத்தையை டிரையல் ரூமுக்குக் கூட்டிப் போனாள். கண்ணாடியின் ஒரு மடிப்பை லேசாகத் திருப்பிவைத்துவிட்டுக் குனிந்து நின்றாள்.

கண்ணாடியில் தெரிந்தது. அத்தை ஒரு பருவின்மேல் கட்டைவிரல் நகத்தை வைத்து, பதமாக, தழைக்கு நோகாமல் பூ கிள்ளுகிற மாதிரி அழுத்தினாள். வெள்ளையாக ஒரு சின்ன விதை வெளியே வந்தது. அதை நகத்தின் நுனியில் ஏந்திக்கொண்டு கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு அதே நகத்தைத் தோலிலிருந்து எடுக்காமல் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தாள். அடுத்த பருவுக்குப் போனாள். முகத்தில் வன்மம் ஒன்றும் இல்லை. தோட்டத்தில் வேலை செய்கிறவளின் முகம்.

அவளுக்கு உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது. வாழ்க்கையில் முதல்தடவையாக அத்தையின் மணிக்கட்டைப் பிடித்து உதறினாள். அத்தை பதறவில்லை. பழுத்ததைக் கிள்ளினால் சீக்கிரம் ஆறும், எனக்குத் தெரியாததா என்றாள். கணவனிடம் சொன்னபோது அவன் அம்மா நல்லதுக்குத்தான் செய்திருப்பாள் என்றான். கிட்னியையே கொடுத்தவள் உன்னைக் கெடுப்பாளா என்றும் கேட்டான். அதற்குப் பதில் இல்லை என்று தெரிந்துதான் எல்லாரும் அதையே கேட்டார்கள்.

அந்த வாரமே ஆஸ்பத்திரியில் கிட்னி டாக்டர் ஒரு வழி சொன்னார். மாத்திரையைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாம். காவல்காரன் அரைக்கண் முழித்தால் போதும், தோல் சரியாகிவிடும். சிறுநீரகத்துக்குக் கொஞ்சம் ஆபத்து உண்டு, அடிக்கடி ரத்தம் சோதித்துப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். இப்படியே விட்டால் பரு புண்ணாகி, புண் வழியாக வேறு ஏதாவது உள்ளே புகுந்தால் உயிருக்கே ஆபத்து வரும். முடிவு நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார். அந்த நீங்களைச் சொல்லும்போது அவர் பார்த்தது அத்தையை.

"குறைக்க வேணாம்," என்றாள் அத்தை. "தோல்தானே. என்னோடதுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது."

கணவன் தலையாட்டினான். டாக்டர் எழுதிக்கொண்டார். அவள் அந்த அறையில் இருந்ததாகவே யாருக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் வாய் திறந்தாள். இத்தனை நாள் விழுங்கியதெல்லாம் வந்தது. இது என் உடம்பு, என் தோல், உள்ளே இருப்பதும் என்னுடையது, கொடுத்தது கொடுத்ததுதான், இனிமேல் என்னைத் தொடாதீர்கள் என்றாள். அத்தை பெட்டியை எடுத்து நாலு துணியை அடுக்கிக்கொண்டு, வெளியூரில் இருக்கிற மகள் வீட்டுக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். மருமகளின் முகத்தை அல்ல, வயிற்றை.

"வந்து பாத்துக்கறேன்," என்றாள். வயிற்றிடம்.

அத்தை திரும்பி வரவில்லை. மகள் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து, தலையில் அடிபட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டாள். சேதி வந்ததும் கணவன் ஓடினான். நீ வர வேண்டாம், கூட்டத்தில் ஏதாவது தொற்றிக்கொண்டால் அம்மாவோடதுக்கு ஆகாது என்றான். அம்மாவே போய்விட்டாள், அப்போதும் அம்மாவோடதுதான். அவளுக்கு அழுகை வந்தது. அது துக்கமா ஆத்திரமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு, கிட்னி டாக்டருக்குப் போன் போட்டாள். இப்போது முடிவு சொல்ல வேண்டியது நான், குறைத்துக் கொடுங்கள் என்றாள்.

கணவன் அங்கேயே தங்கிவிட்டான். அக்காவுக்கு ஆறுதலாக இருக்கிறானாம். வீடு அவளுக்குக் கிடைத்தது. மாத்திரை குறைந்தது, ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள், சிறுநீரகம் கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. பிறகு ஒரு காலையில் கழுத்துப் பருக்கள் சிவந்து வீங்கின. பயந்துபோய்க் கேட்டதற்கு, அது நல்ல அறிகுறி, காவல்காரன் எழுந்துவிட்டான் என்றார் தோல் டாக்டர். அவர் சொன்னபடியே சிவந்தவை காய்ந்தன, காய்ந்தவை உதிர்ந்தன. கண்ணிமை சுத்தமானது. தோள் சுத்தமானது. முதுகில் அத்தை இழுத்த கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. காலையில் படுக்கையை உதறும்போது பொருக்கு உதிர்வதைப் பார்த்து அவள் வாய்விட்டுச் சிரித்தாள். மெஷினுக்கு எண்ணெய் விட்டாள். டீச்சருக்குப் போன் போட்டு, துணியைக் கொண்டு வரலாம் என்று சற்றுத் திமிராகவே சொன்னாள்.

விளக்கு வைக்கிற நேரம் மட்டும் ஒரு மாதிரியாக இருந்தது. தெருவில் பிள்ளைகள் விளையாடிக் களைத்து உள்ளே போகிற அந்த நேரத்தில், தூக்கிப் போட்டு எத்தனையோ நாளான களிம்பின் வாசனை, கற்பூரமும் கந்தகமும் கலந்த அந்தக் கசப்பு, திரைக்குப் பின்னாலிருந்து மெல்லக் கிளம்பி முன்னறை முழுக்கப் பரவி, அவள் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் திரையை விலக்கிப் பார்க்கும்வரை நின்று, பார்த்ததும் கலைந்துபோகும். துணியில் ஊறியிருக்கும் என்று திரையைக் கழற்றித் துவைத்தாள். அன்றைக்கும் வந்தது. முதுகில் ஒன்றும் உறுத்தவில்லை, அரிப்பில்லை. அடிவயிற்றில் மட்டும் அந்த நேரத்துக்கு ஒரு சூடு. யாரோ இவ்வளவு நேரம் கை வைத்திருந்து இப்போதுதான் எடுத்தது போன்ற சூடு.

எல்லாம் உதிர்ந்துவிட்டன என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஐந்து உதிரவில்லை.

அந்த ஐந்தும் அடிவயிற்றில் இருந்தன. தழும்பைச் சுற்றி, ஒன்றுக்கொன்று எட்ட எட்ட. முன்பு அந்த இடத்தில் பரு இருந்ததாகவே அவளுக்கு நினைவில்லை. மற்றவை காய்ந்தபோது இவை காயவில்லை. பட்டாணி அளவுக்குப் பருத்து, பளபளத்து, உச்சிக் குழி நகம்போல அகன்றிருந்தன. தோல் டாக்டரிடம் காட்டினாள். சில பிடிவாதமாக நிற்கும், ஐஸைவிடக் குளிர்ந்த மருந்தை வைத்துச் சுட்டுவிடலாம் என்று சுட்டார். சுட்ட இடத்தில் மறுநாளே அதே ஐந்து. இன்னும் கொஞ்சம் பெரிதாக.

கணவன் திரும்பி வருவதாகச் சொன்ன அன்று சாயங்காலம் அவள் டிரையல் ரூமில் நின்று, பழக்கதோஷத்தில், ஐந்தையும் சுற்றி வட்டம் போட்டாள். போட்டுவிட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். ஐந்து வட்டம். துணியில் அளவெடுத்துப் புள்ளி வைத்தாற்போல.

புள்ளி வைத்துவிட்டு ஒரு தையல்காரி சும்மா இருக்கமாட்டாள். புள்ளி என்றால் சேர்க்க வேண்டும். கையே அந்த வேலையைச் செய்தது. முதல் புள்ளியில் சாக்கை வைத்து வளைத்து மேலே ஏற்றி, அடுத்த புள்ளிக்கு இறக்கி, மறுபடி ஏற்றி, இறக்கி, ஏற்றி, இறக்கி. கடைசிப் புள்ளிக்கு மட்டும் கோடு நேராகப் போகவில்லை. உள்பக்கமாக வளைத்தால்தான் சேர்ந்தது.

சாக்பீஸ் கீழே விழுந்தது.

அகல விரித்த உள்ளங்கை. கட்டைவிரல் மேலே. நாலு விரல் கீழே. சுண்டுவிரல் வளைந்து, நுனி தழும்பின் முனையில்.

களிம்பு வாசனை வந்தது. இந்தத் தடவை திரைக்குப் பின்னாலிருந்து வரவில்லை. அவள் திரைக்கு உள்ளேதான் நின்றுகொண்டிருந்தாள். அது அவளிடமிருந்தே வந்தது.

அவளுக்குப் பயம் வந்ததைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது. செத்தும் விடமாட்டாயா என்று கேட்டாள். சத்தமாகவே கேட்டாள். இது தற்செயல், கண்ட இடத்தில் கோடு போட்டால் கண்டதும் தெரியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அளவு சரியா தப்பா என்று பார்க்க ஒரே வழிதான் உண்டு. அளவுக்கு வெட்டிய காகிதத்தை அதன்மேல் வைத்துப் பார்ப்பது. தன் வலது கையை விரித்து, அந்தக் கோட்டின்மேல் வைத்தாள். பொருந்தவில்லை. அவள் விரல்கள் குட்டை, ஒவ்வொன்றும் பருவுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. பார், இது யார் கையுமில்லை என்று சொல்ல வாயெடுத்தாள்.

தோலுக்கு அடியில் ஒன்று அசைந்தது.

ஐந்து பருவும் இடம் மாறின. மெதுவாக. உள்ளிருந்து துணியை விரல் நுனியால் தள்ளினால் மேலே எப்படித் தெரியுமோ அப்படி. அவள் விரல் எங்கே நின்றதோ அங்கே வந்து நின்றன. ஒவ்வொரு விரல் நுனிக்கும் கீழே ஒன்று. வெதுவெதுப்பாக. கெட்டியாக. விரலோடு விரல் வைத்து.

"விடு," என்றாள்.

அழுத்தியது.

"இது என்னோடது."

அழுத்தம் கூடியது. நாலு விரல் நேராக. சுண்டுவிரலின் கீழே மட்டும் வளைந்து. அவள் கையை இழுத்தாள். வரவில்லை. இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்து, அன்றைக்கு அத்தையின் கையை உதறிய அதே வேகத்தில் உதறினாள்.

கை வந்துவிட்டது.

வயிற்றில் சாக்பீஸ் கோடு மட்டும் இருந்தது. பரு ஒன்றுகூட இல்லை. தோல் வழவழப்பாக, சின்னப் பிள்ளையின் வயிறு மாதிரி இருந்தது. அவள் கையைத் தூக்கிப் பார்த்தாள். ஐந்து விரல் நுனியிலும், நகத்துக்கு நேர் எதிரே, மெழுகு நிறத்தில் ஒவ்வொன்று. நடுவில் குழியோடு. நாலு விரலை நீட்டினாள், நீண்டன. சுண்டுவிரல் நீளவில்லை.

வாசல் கதவு திறந்தது. பெட்டியைக் கீழே வைக்கிற சத்தம். செருப்பைக் கழற்றுகிற சத்தம். கணவன் திரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை.

"அம்மாவோடது எப்படி இருக்கு?" என்றான்.

வாயைத் திறக்காதே என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டாள். தாடை வலித்தது. வாய் திறக்கவில்லை.

கைதான் எழுந்தது. அவள் எழுப்பவில்லை. மூன்று கண்ணாடியிலும் மூன்று பெண்கள் வாயை இறுக மூடிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, தங்கள் வலது கை இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது வந்து, தழும்புக்கு மேல், நீலக் கோட்டின்மேல் இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. வளைந்த சுண்டுவிரல் தன் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தது.

தட், தட்.